தணல் தீராத மாயக்காரி

ஜூன் 3, திங்கள்

இன்று ஆமையை வெட்ட வெட்ட அது குணமாகிக்கொண்டே போனது.

நவநீதன் கூப்பிட்டுக் காட்டினான். எங்கள் 'வெண்கல வனம்' விளையாட்டின் இரண்டாம் கட்டத்தில் ஓடையோரம் படுத்திருக்கும் பாறை ஆமை. வாள்வீரன் ஓங்கி வெட்டுகிறான். ஆமையின் உயிர்க்கோடு குறைவதற்குப் பதிலாக நீள்கிறது. கொஞ்ச நேரத்தில் அது முன்னைவிடத் தெம்பாக எழுந்து நடந்தது.

"அக்கா, இது வாளா, குளுக்கோஸ் பாட்டிலா?"

அவனே ஆரம்பத்தில் போட்ட சூத்திரம்தான் காரணம். வெட்டுபவனின் தாக்கிலிருந்து எதிரியின் காப்பைக் கழித்தால் சேதம். தாக்கைவிடக் காப்பு பெரிதாக இருந்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். கீழே போன சேதம் மருந்தாகிவிடும். கணினிக்கு ஆமை என்றும் தெரியாது, அபத்தம் என்றும் தெரியாது. சொன்னதைச் செய்யும்.

பூஜ்யத்தோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அப்போது காப்பு ஒரு சுவராகிவிடும். ஒரு புள்ளி குறைந்தவன் விடிய விடிய வெட்டினாலும் வீண். மதியத்துக்குள் மாற்றிவிட்டேன். தாக்கைத் தாக்காலேயே பெருக்கி, தாக்கும் காப்பும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். இரண்டும் இருபது என்றால் சேதம் பத்து. காப்பு அறுபதாக ஏறினாலும் ஐந்து மிஞ்சும். எந்தக் காப்பும் முழுக் காப்பு இல்லை, எந்த வெட்டும் முழு வீண் இல்லை. எனக்கு இந்த மாதிரி சூத்திரங்கள் பிடிக்கும்.

கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தவள், போன வருஷம் அதை விட்டுவிட்டு, சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் உட்கார்ந்து யார் யாரை எவ்வளவு பலமாக அடிக்கலாம் என்று தீர்மானிக்கிறேன் என்று சொன்னால் உறவுக்காரர்கள் மறுபடி ஒருமுறை கேட்கிறார்கள். நாங்கள் மூன்று பேர். முதலாளியும் நிரல் எழுதுகிறவனுமான நவநீதன், படம் வரைகிற ஷாஹிதா, எண்களுக்கு நான். வாள் சரியாகிவிட்டது. இனி வாள்வீரனுக்கு மாற்றாக வருகிற மாயக்காரி. அவளை முழுக்க என் கையில் விட்டிருக்கிறான். ஜூலையில் சென்னைக் கண்காட்சி. மாதக் கடைசியில், மேற்கொண்டு மாற்றம் இல்லை என்று விளையாட்டைப் பூட்டியாக வேண்டும்.

வரும் வழியில் அரைக்கீரை வாங்கினேன். வீட்டில் அவர் ஓய்வில் இருந்தார். பிப்ரவரியில் அவருடைய பம்ப்செட் கம்பெனி வடிவமைப்புப் பிரிவை மூடியதிலிருந்து ஓய்வில்தான் இருக்கிறார்.

ஜூன் 5, புதன்

மாயக்காரி பிறந்துவிட்டாள்.

வாளுக்குக் கவசம் தடை. நெருப்புக்கு இல்லை, கவசத்துக்குள்ளும் சூடு இறங்கும். ஆகவே அவளுடைய சேதத்தில் எதிரியின் காப்பைச் சேர்க்கவில்லை. அவளது அறிவையும் மந்திரத்தின் கடுமையையும் பெருக்கினால் போதும். இவ்வளவு சலுகை கொடுத்தால் அதற்கு விலை வேண்டும். விலையின் பெயர் தணல். இடுப்பில் ஒரு சிறு சட்டி, அதில் தணல். ஒவ்வொரு மந்திரத்துக்கும் கொஞ்சம் கரையும். வழியில் சத்திரம் வந்தால்தான் மறுபடி நிறையும். சட்டியை ஷாஹிதா அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாள், தொட்டால் கை சுடும்போல இருக்கிறது.

இரண்டு பேரையும் ஒரே எதிரிகளோடு ஆயிரக்கணக்கான முறை மோதவிடும் நிரல் ஒன்றை எழுதி ஓட்டினேன். வெற்றிகளை வரைபடமாகப் போட்டதும் வாள்வீரனின் கோடும் மாயக்காரியின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. இருபது வருஷம் பாடம் நடத்தியதில் இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை.

ஷாஹிதாவுக்கு பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கேட்காமலே இரண்டு.

ஜூன் 8, சனி

முதல் சோதனை. பக்கத்துக் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். தேங்காய் பன்னும் டீயும்தான் கூலி.

விளையாட்டில் செத்துப்போனால் திரை கறுத்து, "யாராக எழுகிறாய்?" என்று கேட்கும். வாள்வீரன் படம் ஒரு பக்கம், மாயக்காரி படம் ஒரு பக்கம். முதலில் பாதிப் பேருக்குமேல் மாயக்காரியைத்தான் எடுத்தார்கள். செத்தார்கள். எழும்போது எல்லோரும் வாள்வீரனுக்குப் போனார்கள். ஒருவர் விடாமல்.

அவர்கள் போனதும் நவநீதன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, ஜெயிக்கறாங்களா தோக்கறாங்களான்னு நான் பாக்கலீங்க. தோத்துட்டு மறுபடியும் யார எடுக்கறாங்க, அதுதான் எனக்கு வேணும். மாயக்காரிகிட்ட ஒருத்தருகூடத் திரும்பி வரல."

"என் கணக்கு சரி, நவநீதா."

"கணக்கு சரிங்க்கா. ஆளுங்கதான் தப்பு. ஆனா விளையாடப்போறது ஆளுங்கதானுங்களே?"

ஷாஹிதா ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுத்தாள்.

"மாசக் கடைசி சோதனையிலயும் இப்படியே இருந்துச்சுன்னா மந்திரத்தத் தூக்கிப்போடலாங்க. வாள மட்டும் வெச்சு சென்னைக்குக் கொண்டுபோலாம். அரைகுறையாக் காட்டறதுக்கு இல்லாமலே காட்டலாம்."

"நாலு மாசமா வரைஞ்சிருக்கேன்" என்றாள் ஷாஹிதா, யாரையும் பார்க்காமல்.

அவளுக்கு நாலு மாதம். எனக்கு, ஓய்வூதியம் வரை போகிற வேலையை எதற்காக விட்டேனோ அதுவே இந்த மாயக்காரிதான். வாள் சூத்திரத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

ஜூன் 9, ஞாயிறு

கணக்கை முதலிலிருந்து சரிபார்த்தேன். பிழை இல்லை. மாணவர்கள் அவசரப்பட்டிருக்க வேண்டும்.

குளியலறை அலமாரியில் ஈரம் ஏறுகிறது. அவருக்கு டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரைகளை அங்கிருந்து எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இரவு ஒன்றை நானே எடுத்துக் கொடுத்துவிட்டால் போகிறது. மாத்திரை நமத்துப்போகக் கூடாது.

அவருடைய சித்தப்பா பேத்திக்கு வளைகாப்பு. சட்டை தேய்த்து வைத்தேன். கிளம்பும் நேரத்தில் தலைவலி என்றார். நான் மட்டும் போய் வந்தேன். "தண்டபாணி எங்கெ?" என்று எல்லோரும் கேட்டார்கள். முக்கியமான மீட்டிங் என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள். சாப்பாடு கட்டிக் கொடுத்தார்கள்.

ஜூன் 12, புதன்

எனக்கு அவசரப்படாத ஆள் ஒருவர் வேண்டும். வீட்டிலேயே இருக்கிறார் என்று இன்றுதான் தோன்றியது.

அலுவலக லாப்டாப்பைக் கொண்டுவந்தேன். அவர் சோபாவில் உட்கார்ந்து சத்தம் இல்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எனக்கு ஒரு உதவி வேணும். இத விளையாடிப் பாக்கோணும்."

"எனக்கெதுக்கு இதெல்லாம்?"

"உங்களுக்கில்ல. எனக்கு. கணக்குக்கு."

வெகுநேரம் கழித்து லாப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டார். மாயக்காரியை எடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"வாளத் தூக்கிக்கிட்டு யாரு ஓடறது."

ஜூன் 13, வியாழன்

மதியச் சாப்பாடு மூடி திறக்காமல் மேஜையிலேயே இருந்தது. ஆனால் லாப்டாப் சூடாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

மிருதுளா திருச்சி ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா என்னம்மா பண்றாரு?"

"ஒரு ஓநாயோட சண்ட போட்டுட்டிருக்காரு."

"அம்மா, நீ நல்லாத்தானே இருக்கே?" என்றாள்.

சிரித்துவிட்டேன். விளக்கினேன். அவளும் சிரித்தாள். போனை அவரிடம் கொடுத்தேன். "ஆமா சாமி", "சரி சாமி", "இல்ல சாமி" என்று மூன்று பதில்கள் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஓநாயிடம் போனார். மூன்று பதில்கள் என்பது போன வாரத்தைவிடப் பரவாயில்லை.

ஜூன் 16, ஞாயிறு

டீ டம்ளரோடு அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நான் பக்கத்தில் இருப்பதை அவர் கண்டுகொள்ளவில்லை. நல்ல சோதனைக்கு அதுதான் வேண்டும்.

ஓநாய்க் கூட்டம் சுற்றி வளைத்தது. மாயக்காரியின் சட்டி நிறையத் தணல். அவர் தீயை விடவில்லை. அவள் கையில் இருக்கும் ஊன்றுகோலால் அடித்தார். ஊன்றுகோலுக்கு நான் கொடுத்திருக்கும் சேதம் பேருக்குத்தான். ஒரு ஓநாய் விழுவதற்குள் மற்றவை கடித்துத் தின்றன. உயிர்க்கோடு பாதியானது, காலானது. சட்டி நிறைந்தே இருந்தது. செத்தாள்.

"ஏனுங்க, தீய விட்டிருந்தா ரெண்டே வீச்சுல முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிருக்கும்."

"பின்ன?"

"பொறவு பெருசா ஏதாச்சும் வந்தா?"

"இப்பவே செத்துட்டீங்களே."

அவர் யோசித்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்துச் சொன்னார்.

"ஆனா தணல் மிச்சமிருக்குதல்ல."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி ஒருமுறை கழுவினேன். குழாயில் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். அலுவலகம் விடுமுறை. ஷாஹிதா கோட்டைமேட்டிலிருந்து தன் அண்ணனோடு பைக்கில் வந்து பிரியாணி டப்பாவைக் கொடுத்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் இரண்டு வார்த்தை பேசினார்.

அவர் உள்ளே போனதும் ஓநாய் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நானும் அப்படித்தான்க்கா. போன வருஷம் ஒரு கேம் முடிவு வரைக்கும் விளையாடினேன். பை நிறைய மருந்து. ஒண்ணுகூடக் குடிக்கல. கடைசி அரக்கனுக்குன்னு வெச்சிருந்தேன். கடைசி அரக்கன் வந்தப்ப, இதுக்கப்புறம் இன்னொருத்தன் இருந்தான்னா என்ன பண்றதுன்னு அப்பவும் குடிக்கல."

அவள் போன பிறகு, மாணவர்கள் விளையாடியதன் திரைப்பதிவுகளை மறுபடி ஓட்டினேன். அன்று எல்லோருடைய உயிர்க்கோட்டையும் பார்த்தேன், சட்டியைப் பார்க்கவில்லை. இன்று சட்டியை மட்டும் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் நிறைந்த சட்டியோடு செத்திருக்கிறார்கள்.

பிழை என் சூத்திரத்தில் இல்லை, என் நிரலில் இருக்கிறது. அந்த ஆயிரக்கணக்கான சண்டைகளிலும் என் மாயக்காரி கையில் இருந்ததையெல்லாம் கொட்டிச் சண்டை போட்டாள். அவளுக்கு நாளை என்று ஒன்று கிடையாது. மனிதர்களுக்கு உண்டு. அதை நான் எந்த இடத்திலும் எழுதவில்லை.

காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரியாணி பிரமாதம்.

ஜூன் 19, புதன்

முதல் தீர்வு. சண்டை முடிந்ததும் மிச்சத் தணல் அணைந்துவிடும். அடுத்த சண்டைக்குப் புதுத் தணல். சேர்த்து வைக்கவே முடியாது என்றால் செலவழித்துத்தானே ஆக வேண்டும்? நேர்த்தியான தீர்வு. மாலையில் அவரிடம் கொடுத்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஹாலில் சத்தம்.

"ஏய், எங்க போச்சு என்ற தணல்?"

நான் விளக்கினேன்.

"ஒழுங்காத்தானே வெச்சிருந்தேன்? எடுத்து வெச்சத எதுக்குப் புடுங்கறீங்க? இத்தன நாளு சேத்தது. ஒரு வார்த்த சொல்லோணுமா வேண்டாமா? இன்னியோட முடிஞ்சுதுன்னு சொன்னா முடிஞ்சுதா? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். லாப்டாப்பை மூடிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடவில்லை. பார்த்தேன்.

குறிப்பு: பறிபோன உணர்வு மிக அதிகம். இந்த முறை கைவிடப்பட்டது.

இன்னொரு குறிப்பு: பிப்ரவரிக்குப் பிறகு அவர் குரல் உயர்த்திப் பேசியது இன்றுதான். எனக்கு ஏனோ நன்றாகப் பசித்தது. நிறையச் சாப்பிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

இரண்டாம் தீர்வு ஸ்கூட்டரில் வரும்போது கணபதி சிக்னலில் கிடைத்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, "அம்மணி, பச்சை போட்டு நாளாச்சு" என்றார்.

எதையும் பிடுங்கக் கூடாது. செலவழிக்கிறவளுக்குக் கொடுக்க வேண்டும். தணலைச் செலவழித்தால் சட்டி பெரிதாகும். செலவழித்த தணலில் ஒரு பங்கு, சட்டியின் கொள்ளளவோடு சேரும். வைத்திருந்தால் வைத்திருந்தபடியே இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். ஆனால் சட்டி வளராது.

மதியத்துக்குள் எழுதி நவநீதனிடம் கொடுத்துவிட்டேன். நானே சொல்லக் கூடாது, ஆனால் அழகாக இருக்கிறது.

ஜூன் 22, சனி

அழகு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

நவநீதன் வீட்டில் விளையாடிவிட்டுக் காலையில் கண்ணெல்லாம் சிவந்து வந்தான்.

"அக்கா, உங்க மாயக்காரி கடவுளாயிட்டாங்க."

"என்னாச்சு?"

"முதல் சத்திரத்து வாசல்ல ஒரு புளியமரம் நிக்குதுங்களா? அதும் மேல தீய விட்டேன். சத்திரத்துக்குள்ள போய்த் தணல் நெரப்பிக்கிட்டேன். மறுபடியும் மரம். மறுபடியும் சத்திரம். இப்படியே ஒரு படம் பாக்கற நேரம். பொறவு காட்டுக்குள்ள போனா, அங்க இருக்கற பெரிய அரக்கன், வெண்கலக் காவலன், என்னப் பாத்ததுமே செத்துப்போனான்."

ஷாஹிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த மரத்துக்கு நான் எல எலயா வரைஞ்சேன் பாவி."

"மரம் ஒண்ணும் ஆகல ஷாஹிதா, அது தெம்பாத்தான் நிக்குது. அக்கா, இதுக்கு அந்த ஆமையே தேவலாங்க."

நானும் சிரித்தேன். ஆனால் மாதக் கடைசி அடுத்த சனி.

ஜூன் 24, திங்கள்

பத்து மணிக்கே முடித்துவிட்டேன். பிறகு அவசியமில்லாமல் இன்னொரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செலவழித்தால் மட்டும் போதாது. எதன்முன் செலவழிக்கிறாய் என்பதும் வேண்டும். செலவான தணலை எதிரியின் வலிமையால் பெருக்கி, எதிரியின் வலிமையும் மாயக்காரியின் வலிமையும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். வருவதில் ஒரு பங்குதான் வளர்ச்சி. மரத்துக்கு வலிமை பூஜ்யம். எவ்வளவு கொட்டினாலும் வளர்ச்சி பூஜ்யம். எலிக்குக் கொட்டினால் துளி. தன்னைவிடப் பெரியதன்முன் நின்று கொட்டினால் அதிகம். தோற்றாலும் உண்டு. இதை நவநீதன் இரண்டு முறை கேட்டான்.

"செத்தாலும் சட்டி வளருமா?"

"வளரும். கொட்டினதுக்குத்தான் கணக்கு, ஜெயிச்சதுக்கு இல்ல."

"அப்போ தோக்கறவனுக்குக் கூலி குடுக்கறீங்க."

"நின்னவனுக்குக் குடுக்கறேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

ஜூன் 26, புதன்

புதுப் பதிப்பை அவரிடம் கொடுத்து இரண்டு நாள். முதல் நாள் தொடவில்லை. இன்று நான் வரும்போது விளையாடிக்கொண்டிருந்தார். ஓநாய்கள். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே பார்த்தேன். விரல் தீ மந்திரத்தின்மேல் நின்றது. எடுத்தார். மறுபடி வைத்தார். ஒரு ஓநாய் கடித்தது. அழுத்தினார்.

திரை முழுக்க ஆரஞ்சு. ஷாஹிதாவின் நெருப்பு கூரை வரை எழும்பும்.

"அடேங்கப்பா" என்றார். பிறகு, நான் நிற்பதைப் பார்த்து, "சத்தங்கொஞ்சம் அதிகமா வெச்சிருக்கீங்க" என்றார்.

சாப்பிடும்போது இரண்டாம் முறை சாதம் கேட்டார். குழம்பு நன்றாக அமைந்திருக்க வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

நவநீதன் மாயக்காரி இல்லாத பதிப்பையும் தயாராக வைத்துவிட்டான். அதில் சாவுத்திரை கேள்வியே கேட்பதில்லை. வாள்வீரன் எழுந்து நிற்கிறான், அவ்வளவுதான். "ரெண்டும் இருக்கட்டுங்க்கா. நாளைக்குப் பாத்துட்டு ஒண்ண அழிச்சுப்போடலாம்."

ஷாஹிதா நாள் முழுக்க ஒரு வாயிற்கதவின் கீலையே வரைந்துகொண்டிருந்தாள். எனக்குப் பயமில்லை. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன், உண்மைதான், பயமில்லை. பொறுமைதான் இல்லை.

ஜூன் 29, சனி

காலையிலிருந்து தூறல். காபி கொடுக்கும்போது, "இன்னிக்குத்தானே அது?" என்றார். ஆமாம் என்றேன். "நானும் வரட்டுமா? ஆளு பத்தலைன்னா." ஆள் பத்தாது என்றேன். அது அப்போது பொய். பத்து மணிக்கு உண்மையானது. மழையால் மாணவர்கள் பாதிப் பேர் வரவில்லை.

நவநீதன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க மாமா. நீங்கதான் அந்த ஓநாய்க்காரரா?"

"நீங்கதான் அந்தப் புளியமரத்துக்காரரா?"

வீட்டில் நான் சொன்னதையெல்லாம் காதில் வாங்கியிருக்கிறார்.

மாணவர்கள் விளையாடினார்கள். முதலில் செத்த பெண் மாயக்காரியையே மறுபடி எடுத்தாள். அடுத்தவன் வாளுக்குப் போனான். அதற்கடுத்தவன் சட்டியின் அளவைப் பார்த்து, "ஏ, பெருசாயிருக்குடா" என்று பக்கத்தில் இருந்தவனைத் தட்டிக் காட்டிவிட்டு மாயக்காரியோடு எழுந்தான். இன்னொருத்தி வாள். நவநீதன் சுவரில் சாய்ந்து கை கட்டி நின்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஷாஹிதா பேக்கரிக்குப் போவதாகச் சொல்லிப் போனவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர் கடைசி மேஜையில் இருந்தார். எல்லோரையும்விட மெதுவாக, எல்லோரையும்விடத் தூரமாகப் போய்விட்டார். வெண்கலக் காவலன் முன்னால் நின்றார். யாரும் அதுவரை அங்கே போகவில்லை. மாணவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்து கூடினார்கள்.

"அங்கிள், தீய விடுங்க!"

"இருப்பா."

"அங்கிள், அடிக்கறான்!"

விட்டார். எல்லாவற்றையும் விட்டார். ஒன்றன்பின் ஒன்றாக, சட்டியின் அடி தெரியும் வரை. காவலனின் உயிர்க்கோடு கீற்றாகிவிட்டது. சட்டியில் ஒன்றும் இல்லை. காவலன் கேடயத்தைச் சுழற்றினான். மாயக்காரி விழுந்தாள். திரை கறுத்தது.

யாராக எழுகிறாய்?

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையை எனக்குத் தெரியும். நாலு மாதமாக அது அங்கேதான் இருக்கிறது.

"தம்பி" என்றார் நவநீதனைத் திரும்பிப் பார்த்து. "இது நாயமே இல்ல. அத்தாச்சோட்டுப் பெரிய கேடயம். முழு வெண்கலம். அத ஒரு சுத்துச் சுத்தினா கை மணிக்கட்டோட கழண்டு போகும். இவன் என்னமோ விசிறியாட்ட வீசறான்?"

"மாமா, அவன் அரக்கனுங்க."

"அரக்கன்னா? அவனுக்கும் மணிக்கட்டுதானே? சுத்திமுடிச்சா ஒரு மூச்சாவது நிக்கோணும். அந்த மூச்சுல நான் ஒண்ணு விட்டிருப்பேன்."

பேசிக்கொண்டே கை மவுஸுக்குப் போயிருந்தது. திரையைப் பார்க்கவில்லை. நவநீதனோடு வாதாடிக்கொண்டே, கதவைத் திறக்கிறவர் கைப்பிடியைப் பார்க்காததைப்போல, மாயக்காரியை அழுத்தினார். அவள் எழுந்தாள். சட்டி முன்னைவிடப் பெரிதாக இருந்தது. மாணவர்கள் விசிலடித்தார்கள்.

நவநீதன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தேன்.

மாணவர்கள் போன பிறகு அவன் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, வாள் மட்டும் இருந்த பதிப்பை அழித்தான். சத்தமில்லாத வேலை. "பூட்டிடலாங்க்கா" என்றான். "இன்னைக்கு வந்ததுல பாதிக்கு மேல திரும்ப அவகிட்டத்தான் போச்சு. ஆனா காவலனுக்கு அந்த ஒரு மூச்சு குடுத்துட்டுப் பூட்டலாம். மாமா விட மாட்டாரு." ஷாஹிதா படியிலிருந்து ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. கணக்கு அப்படித்தான் சொன்னது.

ஐந்து மணியானது. கிளம்பலாம் என்றேன். அவர் திரும்பவில்லை.

"நீ போ குமுதா. நான் பஸ்ஸில வந்தர்றேன்."

போனேன். தனியாக, மெதுவாகத்தான் ஓட்டினேன். வழியில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன், மழைக்கோட்டு மாட்டிக்கொள்ள. மழை ஏற்கெனவே விட்டிருந்தது.

சாதம் வைத்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்துவிட்டேன். ஏழரை ஆகிறது. அவர் இன்னும் வரவில்லை. நான் கூப்பிடவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நவநீதனிடமிருந்து செய்தி வந்தது:

"அக்கா, மாமாவ வந்து கூட்டிட்டுப் போங்க. கடைய சாத்தோணும்."

இன்னும் ஒரே ஒரு ஆட்டம் விடு, தம்பி என்று பதில் போட்டுவிட்டு, ரசத்தை மூடி வைத்தேன்.